நாற்பதடி வெள்ளியங்கிரி

சோளக்காட்டுச் சந்தையில் இறங்கி வெள்ளியங்கிரி வீடு எது என்று கேட்டால், எந்த வெள்ளியங்கிரி என்று திருப்பிக் கேட்பார்கள். நாற்பதடி வெள்ளியங்கிரி என்று சொல்லிவிட்டால் போதும், அன்னாசி விற்கிற அம்மா முதல் பஸ் கண்டக்டர் வரை கையை நீட்டி வழி காட்டுவார்கள். கூடவே ஒரு சிரிப்பும் வரும். ஆனால் அது அவர் இல்லாத இடத்தில் வருகிற சிரிப்பு. நாற்பதடி உயரத்திலிருந்து விழுந்து, எழுந்து நடக்கிற மனிதரைப் பார்த்து முகத்துக்கு நேரே சிரிக்க யாருக்கும் மனசு வராது.

அவர் விழுந்து ஏழு வருடம் ஆகிறது. தை மாதம், மிளகுப் பறிப்பின் முதல் நாள். சில்வர் ஓக் மரத்தின் உச்சிவரை கொடி ஏறியிருந்தது. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை அடி என்று கேட்டபோது, முப்பது இருக்குமுங்க என்றார் வெள்ளியங்கிரி. முட்டியில் போட்ட மாவுக்கட்டைப் பிரிப்பதற்குள் அது நாற்பது ஆகிவிட்டது. அதற்குமேல் வளரவில்லை. யாராவது கதை கேட்க வந்து உட்கார்ந்து, அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டால், அவர் மனைவி மாராயி உள்ளேயிருந்து ஒரு பாத்திரத்தைச் சற்றுச் சத்தமாக வைப்பாள். மரம் அத்தோடு நின்றுவிடும்.

உண்மையைச் சொல்லிவிடுவோம், நமக்கென்ன பயம். அவர் விழுந்தது மூன்றாவது படியிலிருந்து. தரையிலிருந்து நாலடி இருக்கும், அவ்வளவுதான்.

மிளகு பறிக்கிற ஏணிக்கு இரண்டு கால் கிடையாது. ஒரே ஒரு மூங்கில். கணுவுக்குக் கணு முளைத்த கிளைகளை ஒரு சாண் விட்டு நறுக்கியிருப்பார்கள். அந்தக் குச்சிதான் படி. இப்படிப்பட்ட ஏணியைச் சும்மா மரத்தில் சாய்த்து ஏறி, பக்கவாட்டில் கையை எட்டி நீட்டினால் அது உருளும். ஆளையும் சேர்த்து மரத்தைச் சுற்றிக் கொண்டுபோய் விடும். உயரத்துக்குப் போகிறவர்கள் அதனால்தான் மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுகிறார்கள். ஆனால் முதல் நாள் யாரும் உயரத்துக்குப் போவதில்லை. அன்றைக்குப் பாதி வேலை, பாதி விசேஷம். கீழ்க்கொடியில் பழுத்த சரங்களை மட்டும் பறித்து, முதல் சரத்தைத் தோட்டத்துச் சாமிக் கல்லுக்கு வைத்து, பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். கீழ்க்கொடிக்கு ஏணியைக் கட்டுகிறவனை இந்த மலையில் யாரும் ஆண்பிள்ளை என்று சொல்வதில்லை.

வெள்ளியங்கிரியும் கட்டவில்லை. மூன்றாவது படியில் நின்றுகொண்டு, வலது பக்கம் ஒரு முழம் தள்ளித் தொங்கிய சரத்துக்குக் கை நீட்டினார். இறங்கி ஏணியை நகர்த்தி வைக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்தார். அதற்குப் பதிலாக மூன்று மாதம் கட்டிலில் படுத்துக்கிடந்தார்.

அப்போது தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. மாராயி ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். மலையிலேயே பெரிய மரமேறி என்று பேர் வாங்கியவர், சின்னப் பிள்ளைகள் குதித்து விளையாடுகிற உயரத்திலிருந்து விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார் என்று எப்படிச் சொல்வது? அதனால் மரத்தை உயர்த்தினார்.

அந்த வருடம் அவர் தோட்டத்து மிளகு மரத்திலேயே நின்றது. கூலிக்கு ஏற ஆள் கிடைக்கவில்லை. அவனவனுக்கு அவனவன் தோட்டம். ஒரு நாள் கட்டிலில் கிடந்தபடி பார்த்தார்: மாராயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏணியைத் தூக்கி வாசலை ஒட்டிய மரத்தில் சாய்த்தாள். கால் வைக்கவில்லை. மார்பு உயரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கயிற்றைக் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். கை எட்டுகிற உயரத்தில் இன்னொரு கட்டு. அதையும் இழுத்துப் பார்த்தாள். அப்புறம்தான் முதல் படியில் ஏறினாள்.

"கீழ்க்கொடிக்கு எதுக்குப் புள்ள ரெண்டு கட்டு?" என்று கட்டிலிலிருந்து கேட்டார்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள் மாராயி.

வெள்ளியங்கிரிக்குத் தன் முப்பது வருட மரமேற்றத்தில் ஒரு நாளும் வராத பயம், அவள் நாலடி ஏறியதைப் பார்த்து வந்தது. அன்று புத்தி மாறியவர்தான்.

மாறின புத்தியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா என்றால், அதுதான் இல்லை. கார்த்திகை பிறந்தால் போதும், ஒவ்வொரு வீட்டுக் கொல்லைக்கும் போவார். மாட்டுக்கொட்டகைக் கூரையடியில் போன பங்குனியில் தூக்கிப் போட்ட ஏணிகளை இறக்கச் சொல்வார். அருவாள் பிடியால் கணுக்கணுவாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். உளுத்தது என்று தோன்றினால் அங்கேயே இரண்டாக வெட்டி அடுப்படியில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. பாவாயி என்று ஒரு அறுபது வயது அம்மா, கீழே சிந்துகிற மிளகைப் பொறுக்குகிறவள், ஊரில் யாருக்கும் வாய் குறையாதவள். "ஏனப்பா வெள்ளியங்கிரி, ஏணிக்கு மாத்திரந்தான் வைத்தியமா, என்ற இடுப்பையும் ஒருக்காத் தட்டிப் பாக்கறது" என்பாள். அவர் அதையும் யோசித்துப் பார்த்துவிட்டு, இடுப்புக்கு வேறு வைத்தியம் என்று பதில் சொல்வார். கிண்டல் அவர்மேல் பட்டால் ஒட்டாது.

இந்த மார்கழியில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவர் மகன் சதீஷ்குமார் பட்டாளத்தில் இருக்கிறான், காஷ்மீர்ப் பக்கம். அங்கே பனிமலையில் காலில் பலகை கட்டிச் சறுக்குவதற்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம். ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பலகையும் இல்லை, பனியும் இல்லை. முப்பது பேர் வரிசையாக நின்று உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னும் பனியே உழுகுலயப்பா, அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே இப்படி உக்கார வெச்சு எழுப்புறாங்க" என்றான் போனில். "சீசன் ஆரம்பிச்ச மொத வாரத்துலதான் முட்டி நெறையப் போகுதுன்னு வாத்தியார் சொல்றாரு. ஒரு வருசமா சும்மா இருந்த காலு. எறங்குனதும் போன வருசம் மாதிரியே சறுக்கலாம்னு நெனைச்சுக்கறாங்க. பலகையப் பூட்டுற பூட்டு, உழுந்தா சரியாக் கழறுதான்னு பாக்காம ஒருத்தரையும் மேல உடமாட்டாரு."

வெள்ளியங்கிரி அந்த வீடியோவைப் பதினொரு தரம் பார்த்தார். ஏழு வருடமாகத் தான் ஒண்டியாகக் கத்தியதை, கண்காணாத பனிமலையில் ஒரு வாத்தியார் சொல்லியிருக்கிறார். பனியில் சறுக்கினால் என்ன, மூங்கிலில் ஏறினால் என்ன, முட்டி ஒன்றுதானே. மறுநாள் காலையிலேயே பறிப்புக்குப் போகிற ஆட்களை வாசலில் வரிசையாக நிறுத்தினார்.

மலையில் மார்கழி மாதக் காலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மற்றது சொல்ல வேண்டியதில்லை. எதிரே நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி. அதற்குள் ஐந்தாறு பேர் காதைப் பிடிக்காத குறையாகத் தோப்புக்கரணம் போட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று சத்தமாக எண்ணிக் கொடுத்தார்கள். குழந்தைசாமி, வெள்ளியங்கிரியோடு ஒன்றாய் மரமேறக் கற்றவர், "கணக்கு வாத்தியாருக்குப் பாக்கி வெச்சதயெல்லாம் இப்பத்தான் போட்டுத் தீக்கறேன்" என்று முனகினார். ஆனாலும் போட்டார். நாற்பதடியிலிருந்து விழுந்தவர் சொல்கிறாரே.

ஒழுங்காகப் போடாத ஆள் ஒருவன்தான். அவன் சென்றாயன், மாராயியின் ஒரே தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. அக்காதான் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு வளர்த்தாள். இப்போது நாற்பது வயது. வருடத்தில் பத்து மாதம் குட்டியானை என்கிற சின்ன லாரி ஓட்டுகிறான். மலைச் சரக்கை ஏற்றிக்கொண்டு எழுபது வளைவும் இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போவான், வருவான். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே விரல் நுழையாது. தை பிறந்தால் மட்டும் மரமேறியாகிவிடுவான். தோப்புக்கரணத்துக்கு வந்தவன் நாலு போட்டுவிட்டு, வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கணக்குச் சொன்னான்.

"ஒடம்பு பத்து மாசமா உக்காந்தே இருக்குது மாப்ளே. மனசுதான் போன வருசக் கடைசி மரத்து உச்சியிலயே நிக்குது" என்றார் வெள்ளியங்கிரி.

"கொடியப் பாத்தாப் போதுமுங்க மாமா, காலு தானா ஏறும்" என்றான் அவன்.

பொங்கல் கழிந்த நாலாம் நாள் வெள்ளியங்கிரி தோட்டத்தில் முதல் பறிப்பு. காலையில் பொங்கல் வைக்கப் பானையை எடுத்துக்கொண்டே மாராயி சொன்னாள்: "தம்பி வண்டி ஓட்டிட்டு நேரா வாரானாமுங்க. அவனப் பாத்துக்கோங்க." வெள்ளியங்கிரி கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாத்துக்கறேன் என்றார். சொல்லும்போதே அவருக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது.

பயந்தபடியேதான் நடந்தது. சென்றாயன் விடியலிலேயே ஒரு லோடு இறக்கிவிட்டு, வளைவெல்லாம் ஏறி, நேரே தோட்டத்தடியில் வண்டியை நிறுத்தினான். இறங்கும்போது தொடையை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். மரப்பட்டையில் பனி ஈரம் இன்னும் காயவில்லை. சாமிக்கு நேரமாகிறது என்று யாரோ சொல்ல, ஏணியை எடுத்து மரத்தில் சாய்த்தான்.

"கட்டு போடாமக் காலு வெக்காத மாப்ளே."

சென்றாயன் திரும்பிப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னான், அதையும் சொல்ல வேண்டும். "மாமா, நீங்க உழுந்தது நாப்பதடியிலிருந்துங்க. நாப்பதடிக்குக் கட்டோணும், ஞாயந்தான். நான் ஏறப்போறது நாலடி. நாலடிக்குக் கவுறு கட்டுனா நாளைக்கு நான் சோளக்காட்டுல வண்டிய நிறுத்த முடியுமுங்களா?"

"மொத நாள் யாருப்பா கட்டுறா?" என்றார் குழந்தைசாமியும்.

"கட்டில்ல ஏறிப் படுக்கறதுக்கும் கவுறு குடுப்பான் போல இருக்குது" என்றாள் பாவாயி. எல்லாரும் சிரித்தார்கள்.

வெள்ளியங்கிரி காஷ்மீர் வாத்தியாரைத் துணைக்கு இழுத்தார், பூட்டைச் சொன்னார், முட்டியைச் சொன்னார். ஒன்றும் எடுபடவில்லை. எப்படி எடுபடும்? அவரே ஏழு வருடமாகத் தெருத்தெருவாகச் சொல்லி வைத்தது அது. ஆபத்தெல்லாம் நாற்பதடியில் இருக்கிறது, நாலடியில் ஒன்றும் இல்லை என்று ஊர் அவரிடமிருந்துதான் படித்துக்கொண்டது.

சென்றாயன் முதல் படியில் கால் வைத்தான். இரண்டாவது. மூங்கில் லேசாக முனகியது. மூன்றாவது படியில் நின்று ஒரு மூச்சு விட்டான். வலது பக்கம், ஒரு முழம் தள்ளி, நல்ல சிவந்த சரம் ஒன்று தொங்கியது. இறங்கி ஏணியை நகர்த்தலாமா என்று ஒரு கணம் கீழே பார்த்தான். அப்புறம் கையை நீட்டினான்.

வெள்ளியங்கிரிக்கு ஏழு வருடத்துக்கு முந்தைய தன் கை தெரிந்தது.

"டேய், நான் உழுந்ததும் மூணாவது படிதான்டா!"

தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டார். நீட்டிய கை அப்படியே நின்றது. சரம் பிழைத்தது.

"என்ன படி?" என்று கேட்டாள் பாவாயி. காது நன்றாகக் கேட்கிறவள்தான்.

"மூணாவது படி" என்றார் வெள்ளியங்கிரி. குரல் இறங்கிவிட்டது. "நாப்பதுமில்ல, முப்பதுமில்ல. இதே மாதிரிதான். கட்டு போடல. எட்டி ஒரு சரத்துக்குக் கைய நீட்டுனேன். ஏணி உருண்டுபோச்சு."

முதலில் சிரித்தது குழந்தைசாமி. அவர் உட்கார்ந்துவிட்டார். பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. சென்றாயனுக்கு மூன்றாவது படியில் நின்று சிரிக்க இடம் போதவில்லை. தட்டுத்தடுமாறித் தரைக்கு இறங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இறங்கிவிட்டான், அதுதான் முக்கியம். வெள்ளியங்கிரி அதைப் பார்த்துக்கொண்டார். மற்றபடி அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஐம்பத்தாறு வயதில், பொங்கல் பானைக்கு முன்னால், பெஞ்சாதி பார்த்துக்கொண்டிருக்க இப்படி நிற்க யாருக்குத்தான் ஆசை.

மாராயி மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சு முடிங்க" என்றார் வெள்ளியங்கிரி. "முடிச்சுட்டு ஒண்ணு கேளுங்க. நாலடியில உழுந்ததுக்குத்தான் எனக்கு மூணு மாசம் மாவுக்கட்டு. குந்தி உக்கார முடியாம இன்னிக்கும் முட்டி வலிக்குது. மேல ஏறுறப்ப நாம பயந்து ஏறுறோம், கட்டுறோம். கீழயிருந்துதான் உழுகறோம். எனக்கு வெக்கமாப் போச்சு, அதனால உங்க அல்லாருகிட்டயும் மாத்திச் சொன்னேன். அவ்வளவுதான்."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. குழந்தைசாமி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, வெள்ளியங்கிரியின் தோளிலிருந்து கயிற்றை எடுத்தார். மார்பு உயரத்தில் ஒரு கட்டுப் போட்டார். இழுத்துப் பார்த்துவிட்டு, "போதுமா மூணுபடியாரே?" என்றார். பேர் அங்கேயே, அப்போதே மாறிவிட்டது.

சென்றாயன் மறுபடியும் ஏறினான். சிரித்த வாய் மூடாமலேயே ஏறினான். மூன்றாவது படியில் நின்று அதே சரத்துக்கு அதே மாதிரி கையை எட்டினான், கட்டித்தான் இருக்கிறதே. ஈரக் குச்சியில் இடது கால் வழுக்கியது. அத்தனை கனமும் ஒரு பக்கம் சாய, மூங்கில் உருளப் பார்த்தது. கயிறு நெறுநெறுவென்று இறுகியது. அவ்வளவுதான், அதற்குமேல் நகரவில்லை. சென்றாயன் மூங்கிலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கால் துழாவிப் படியைத் தேடினான்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மாராயி அடுப்பை விட்டு எழுந்து நின்றிருந்தாள். கையில் பிடித்த கரண்டியிலிருந்து பொங்கல் தரையில் சொட்டியது.

சென்றாயன் இறங்கினான். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு மரத்தையே பார்த்தான். "மாமா" என்றான், "மேல இன்னொரு கட்டு போட்டுக்கலாமுங்களா?"

இரண்டு கட்டோடு, காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, ஏணியை நகர்த்தி வைத்து அந்தச் சரத்தைப் பறித்தான். அதுதான் கல்லுக்குப் போயிற்று.

சாயங்காலத்துக்குள் செய்தி சோளக்காடு போய்ச் சேர்ந்தது. குட்டியானையிலேயே போயிருக்க வேண்டும், அவ்வளவு வேகம். டீக்கடையில் வெள்ளியங்கிரி நுழைந்தபோது கடைக்காரர் பெஞ்சைக் காட்டி, "பாத்து உக்காருங்க, ஒன்றரையடி இருக்குது" என்றார். பஸ் கண்டக்டர் படியை எண்ணிக் காட்டி இறக்கிவிட்டார். அதுவும் மூன்று படிதான், அதற்கு வண்டி என்ன செய்யும்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். மாராயி சாமைச் சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றினாள்.

"ஊரே சிரிக்குது புள்ள" என்றார்.

"சிரிக்கட்டுமுங்க."

"உன்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."

"எனக்குத் தெரியுமுங்க."

வெள்ளியங்கிரி நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு நான் கொடத்தப் போட்டுட்டு ஓடி வாரேன், நீங்க மரத்தடியில கெடக்குறீங்க. காதுல சொருகுன பீடி அப்படியே இருந்துச்சு. நாப்பதடியிலிருந்து உழுந்தவருக்குக் காதுல பீடி நிக்குமுங்களா?"

ஏழு வருடத்தில் அந்தப் பீடியை அவர் ஒரு தரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. "அப்புறம் ஏன் சொல்லல நீ?"

"நாப்பதோ நாலோ, நீங்க கண்ணத் தொறந்து மாராயீன்னு கூப்புட்டீங்க. அதுக்கப்புறம் எத்தன அடின்னு எனக்கு எதுக்குங்க?" சோற்றுப் பானையை மூடிவிட்டு, எழுந்திருக்கப் போனவள் நின்றாள். "ஆனா ஒண்ணுங்க. பீடியப் பாக்காமப் போயிருந்தா நானும் நாப்பதடின்னுதான் நம்பியிருப்பேன். கீழ்க்கொடிதானேன்னு கட்டாமத்தான் ஏறியிருப்பேன்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். வெள்ளியங்கிரி சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கட்டிலிலிருந்து தான் பார்த்த அந்த நாலடியும், அவள் இழுத்துப் பார்த்த அந்த இரண்டு கட்டும் கண்ணுக்குள் நின்றன. தன் வாயால் உயர்த்திய மரத்திலிருந்து சென்றாயனுக்கு முன்னாலேயே விழுந்திருக்கக்கூடியவள் மாராயிதான் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ரசம் ஆறிப்போயிற்று.

மறுநாள் மிளகு மூட்டையோடு சோளக்காட்டில் இறங்கினார். கூட்டத்தில் யாரோ, "ஏனுங்க மூணுபடி!" என்று கூப்பிட்டார்கள்.

"வாரேன்" என்று திரும்பினார்.